ஊப்பர் வீடு

போர்ட் பிளேர் எனக்குப் பிடிக்கவில்லை. இறங்கிய அன்றே பிடிக்காமல் போய்விட்டது. சென்னையிலிருந்து கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து, லக்கேஜோடு கட்டிப்போட்டிருந்த என் சைக்கிளை அவிழ்த்து நிமிர்த்தினால், எதிரே ரோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. சுமை இறக்கியவர் என்னையும் சைக்கிளையும் ஏற இறங்கப் பார்த்தார். "இத எதுக்கு மேடம் மெயின்லேண்ட்லேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க? இங்க பூரா சடாய்தான்" என்றார். சடாய் என்றால் மேடு. அந்த ஊரில் நான் கற்றுக்கொண்ட முதல் இந்தி வார்த்தை அதுதான்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். எங்கள் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் பாலம்தான். பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலை எல்லாவற்றுக்கும் சைக்கிளிலேயே போய் வந்தவள். யார் பின்னாலும் உட்கார்ந்து போகிற பழக்கம் கிடையாது, கல்யாணத்துக்குப் பிறகும் வரவில்லை. இதைத் திமிர் என்று என் ஓரகத்தி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த ஓரகத்தியை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. என் கணவரின் அண்ணன் மனைவி. பிள்ளை இல்லாதவள். கூட்டுக் குடும்பமாகச் சென்னையில் இருந்தோம். எனக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் ஏழு வயது மகளை அவளிடம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. "முழுப் பரீட்சை முடியட்டும். நானே கூட்டிட்டு வந்து வீட்டப் பாக்குறேன். புள்ள இருக்கற மாதிரி இருந்தா விட்டுட்டு வர்றேன். இல்லன்னா அண்ணி வளக்கட்டும், நீ லீவுக்கு வந்து பாத்துட்டுப் போ" என்றார் என் கணவர். அவர் கெட்டவரில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நான் மறக்கமாட்டேன். நான் கப்பலேறிய பிறகு போனில் மகளின் பேச்சு வாரத்துக்கு வாரம் சுருங்கியது. சாப்பிட்டேன் என்பாள், பெரியம்மா கூப்பிடுறாங்க என்பாள், வைத்துவிடுவாள். ஆக, கோடைக்குள் ஒரு வீடு. என் பிள்ளை எனக்கா அவளுக்கா என்பது அந்த வீட்டில்தான் இருந்தது.

வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். சுனாமி வந்து சில வருடம் ஆகியும் கிணறுகளில் உப்பு போகவில்லை. காலையில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும், எவ்வளவு உப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கூடம் ஜங்லிகாட்டைத் தாண்டிக் கடலை ஒட்டி இருந்தது. காலை ஏழு மணிக்கு ஆள் இருந்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். கூட வேலை செய்த ஒருவர் ஸ்கூட்டரில் கூட்டிப் போவதாகச் சொன்னார், அதற்குள்ளேயே இருவர் சிரித்துக்கொண்டார்கள். சைக்கிள் போதும் என்றேன்.

வீடு பார்த்துத் தருகிறேன் என்று வலிய வந்தவர் ஜங்லிகாட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த மன்னார்குடிக்காரர். ஊர்ப் பக்கத்துக்காரர் என்றாலே எனக்கு அண்ணனாகிவிட வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். என் கணவரின் போன் நம்பரை வாங்கி, என்னைக் கேட்காமலே அவரிடம் பேசியும் விட்டார். "மாப்ள, நான் பாத்துக்கறேன்" என்றாராம். அவர் யார் என்னைப் பார்த்துக்கொள்ள?

முதலில் டெலானிபூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேட்டின் மேல் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே ஒரு தனி வீடு. அவர் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வழியில் ஒரு வீட்டு வாசலில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். உதவவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"இங்க தண்ணி வராதும்மா" என்றார் கடைக்காரர்.

"குழாயில வருமா?"

"அது வரும். கடல் தண்ணி வராதுன்னேன்."

அந்த ஊரில் வீடு காட்டுகிற எல்லோரும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். கக்கூஸ் எங்கே, காற்று வருமா, வாடகை எவ்வளவு எல்லாம் அப்புறம். உயரம்தான் முதலில். உயரமே வாடகையாக இருந்தது என்றும் சொல்லலாம். சைக்கிள்காரிக்கு வேண்டியதோ சமதளம். சமதளம் கடலோரத்தில் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்துதான் ஊரே மேலே ஓடிப் போயிருந்தது.

திரும்பும்போது இறக்கத்தில் விட்டேன். பிரேக்கைப் பிடித்தால் ரப்பர் தீய்ந்த வாசம் வந்தது, வண்டி நிற்கவில்லை. எங்கள் ஊரில் பிரேக் என்பது நாய் குறுக்கே வந்தால் பிடிப்பது. வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கும் சாக்கடைக்கும் நடுவில் சாக்கடையைத் தேர்ந்தெடுத்தேன். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி இந்தியில் திட்டினார். புரியவில்லை, ஆனால் தமிழில் திருப்பிக் கொடுத்தேன். தினம் காலையில் இந்தப் பிழைப்பு, சாயங்காலம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேரியரில் வைத்து அந்த மேடு. முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் அதையும் என் கணவருக்குப் போன் செய்து சொன்னார்.

அடுத்து பாம்பூஃப்ளாட். துறைமுகத்துக்கு எதிர்க்கரை, ஃபெர்ரியில் சைக்கிளை ஏற்றலாம், வாடகையும் குறைவு என்றார்கள். போனேன். கரையை ஒட்டிய வீடுகளில் சுவரில் பாதி உயரத்துக்கு வேறு நிறம், கடல் ஏறின அடையாளம். காற்று அடித்தால் ஃபெர்ரி ஓடாது என்று டிக்கெட் கொடுப்பவரே சொன்னார். காற்று அடிக்கிற நாளில் பிள்ளை ஒரு கரையிலும் நான் ஒரு கரையிலும் நிற்பதா? அதே ஃபெர்ரியில் திரும்பிவிட்டேன்.

கடைசியில் நானே கண்டுபிடித்ததுதான் ஜங்லிகாட்டின் கீழ்ச் சந்து. கடல் ரோட்டிலிருந்து நேராக உள்ளே போகிற சந்து. ஒரு துளி மேடு இல்லை. வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்தால் வேலைக்கூடத்து வாசலில் இறங்கலாம். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில். இரண்டு அறை, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பார்த்ததும் என் மகளின் புத்தகப் பையை எந்த ஆணியில் மாட்டுவது என்றே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டுக்காரி கச்சால் தீவிலிருந்து வந்தவள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டு, சுனாமிக்குப் பிறகு மிச்சம் இருந்தவர்களோடு இங்கே வந்து சேர்ந்தவள். யார் யார் மிஞ்சவில்லை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிரிக்கவே மாட்டாள். வாடகை, முன்பணம் எதுவும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"ஒங்க ஊப்பர் வீடு எது?"

எனக்கு விளங்கவில்லை. ஊப்பர் என்றால் மேலே. அதற்கு மேல் அவளே எரிச்சலோடு விளக்கினாள். சந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சரிவின் மேலே ஒரு வீடு உண்டு. பூமி ஆடினால் அங்கேதான் ஓட வேண்டும். புருஷன் கடையில் இருந்தாலும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது, நேரே அவரவர் ஊப்பர் வீடு. அங்கே ஒரு பையில் மாற்றுத் துணி தொங்கும். மேலே இருப்பவர்கள் கேட்டைத் திறந்து வைத்து, தங்கள் கணக்கில் எத்தனை தலை வர வேண்டுமோ அத்தனையும் வந்ததா என்று எண்ணுவார்கள். தீபாவளிக்கும் ஈதுக்கும் துர்கா பூஜைக்கும் கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்கு ஏதாவது போகும். எந்த ஜாதி, எந்தப் பாஷை என்பதெல்லாம் கிடையாது.

"நான் கவர்ன்மென்ட் ஸ்டாஃப் அக்கா. ஓடத் தெரியாதா எனக்கு?"

"ஓடுறது பெரிசில்ல. எங்கிட்டு ஓடுறதுன்னு இருக்கில்ல? ஊப்பர் வீடு இல்லாதவங்களுக்கு நான் சாவி குடுக்க மாட்டேன். வேற எடம் பாருங்க."

முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவளுக்குச் சுனாமியைப் பற்றி இவள் பாடம் எடுக்கிறாளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீடு வேண்டும். கடைக்காரரின் சொந்த வீடு அந்தச் சரிவில்தான் இருந்தது. வேண்டாவெறுப்பாக அவரிடம் போய்க் கேட்டேன்.

"இதுக்குப் போயி கேக்கணுமாம்மா? நம்ம வீடு ஒங்க வீடு மாதிரி. எப்ப வேணாலும் வரலாம்" என்றார். வீட்டுக்காரி கடைக்கே வந்து அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கடைக்காரரின் அட்டகாசம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்பார். போனால் அவர் மனைவி என் சைக்கிளைப் பற்றிப் பேசுவாள். உத்தியோகத்தில் இருக்கிற பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிப்பது நம்மவர்களுக்கு அழகில்லை என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சாம்பாரைப் பிசைந்தேன். பிள்ளைக்காக.

மே மாதம் என் கணவர் மகளோடு வந்தார். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் புது டீச்சரைக் கட்டிக்கொள்கிற மாதிரி. தலையை வேறு விதமாகப் பின்னியிருந்தாள். கணவர் வீட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார், சந்து முனை வரை நடந்து போய்க் கடலைப் பார்த்தார். நான் மகளைக் கேரியரில் வைத்துக் கடல் ரோட்டில் ஓட்டினேன். இரண்டாம் நாள் பெல்லை அடிக்கக் கேட்டாள். மூன்றாம் நாள் சிரித்தாள். கணவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு முற்பகலில் பூமி ஆடியது. மேஜையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஆட்டம் நிற்பதற்குள் கூடத்திலிருந்த அத்தனை பேரும் பின்வாசல் வழியாக மேட்டுப் பாதையில் ஏறிவிட்டார்கள். நான் சைக்கிளை எடுத்தேன். "நீச்சே மத் ஜாவ்" என்று மேலிருந்து கத்தினார்கள், கீழே போகாதே என்று. போனேன். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் மிதித்தேன்.

சந்தில் ஒரு ஆள் இல்லை. என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். கடைக்காரர் வீட்டு கேட்டில் பூட்டு. கையளவு பூட்டு. அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டு என் கணவர் நின்றார். கையில் பிள்ளை இல்லை.

"உன்கிட்ட வரலியா?" என்றார்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சரியாகத்தான் வந்திருக்கிறார். இறக்கி விட்டு கேட்டைத் தட்டியிருக்கிறார். பின்னால் சந்தே திரண்டு ஏறி வந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் யாரோ ஒருவருடைய குரலாக இருந்தது. நான் அவரைக் கண்டபடி ஏசினேன். அவர் என்னை ஏசினார். ஏசிக்கொண்டே ஒவ்வொரு வீடாக ஓடினோம்.

வீட்டுக்காரியின் ஊப்பர் வீட்டில் இருந்தாள். நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு நடுவே, வீட்டுக்காரி அவள் மணிக்கட்டை விலங்கு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். பூட்டின கேட்டின் முன்னால் நின்ற பிள்ளையை அவள்தான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் மகள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். "பெரியம்மாகிட்ட போகணும்" என்று அழுதாள். அத்தனை பேர் முன்னால். எனக்கு அந்தக் கடல் வந்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

கடல் வரவில்லை. சாயங்காலம் எல்லோரும் இறங்கி வந்து அடுப்பு மூட்டினார்கள்.

கடைக்காரரும் குடும்பமும் ஆட்டம் வந்ததுமே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் டெலானிபூருக்குப் போய்விட்டார்களாம். கடையில் போய் நின்று கேட்டேன்.

"அட, அதை நெசமாவே எடுத்துக்கிட்டீங்களா?" என்றார் அவர். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானம்மா. நம்ம ஊர்ல சொல்றதில்லையா? சாமான் கெடக்கு, பூட்டாம எப்படிப் போறது?"

நம்ம ஊரில் சொல்வதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். விருந்தாளி படியிறங்கும்போது சொல்லுவோம், அவர் தலை மறைந்ததும் கதவைத் தாழிடுவோம். அதை அவர் இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். என் பிள்ளை அதை நம்பி கேட்டின் முன்னால் நின்றிருக்கிறாள். "இனிமே யாருக்கும் ஒரு பேச்சுக்குக்கூட சொல்லாதீங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் வீட்டுக்காரி நின்றிருந்தாள். "மாசக் கடைசிக்குள்ள வேற ஊப்பர் வீடு பாருங்க, இல்லன்னா சாவியக் குடுத்துருங்க. ஒங்க ஆளுங்க வாயாலயே வீடு கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள். அவளுடைய ஊப்பர் வீட்டிலேயே என்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன். ஏற்கெனவே நாலு குடும்பத்துக்குத் தலை எண்ணுகிறார்கள், இன்னொரு தலை சேர்ந்தால் எந்தத் தலை குறைகிறது என்று தெரியாது என்று போய்விட்டாள். உள்ளே என் கணவர் துணிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கப்பல். இரண்டு டிக்கெட்.

அடுத்த இரண்டு நாளும் வேலை முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினேன். வீடு வீடாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், பூமி ஆடினால் என் பெண் உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று. இப்படி ஒரு கேள்வியோடு வாசல் வாசலாக நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். ஒரு மலையாளி அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஒருவர் நான் சோப்பு விற்க வந்ததாக நினைத்து வேண்டாம் என்றார். இடமில்லை என்றார்கள், கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், நாயை அவிழ்த்து விட்டார்கள். எந்த வீட்டையும் நான் மன்னிக்கவில்லை.

கேட்டில் தாழ்ப்பாளே இல்லாத ஒரு வீட்டில் ஒரு பெங்காலிப் பெண் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"பச்சி கோ லேகே ஆவ்" என்றாள். பிள்ளையைக் கூட்டி வா, முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் தெரியாத பிள்ளையைக் கூட்டத்தில் நான் எப்படி எண்ணுவேன் என்று கேட்டாள். மன்னார்குடிக்காரர் என் மகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கீழே போய்ச் சொன்னேன். மகள் அப்பா வந்தால்தான் வருவேன் என்றாள். கணவர் பெட்டியை மூடிவிட்டுக் கூட வந்தார். மூன்று பேரும் ஏறினோம்.

அந்தப் பெண் மீன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு என் மகளின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பல் விழுந்த இடத்தைப் பார்த்தாள். காதோரத்து மச்சத்தைப் பார்த்தாள். தன் இரண்டு பெண்களையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அந்தப் பெண்கள் என் மகளை எங்கேயோ உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், அவளும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் பேசியதை நான் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டேன். உன் பெண் வந்துவிட்டால் என் பெண். ஆனால் நீ அவளைத் தேடிக் கீழே போகக் கூடாது. அன்றைக்குக் கடல் ரோட்டில் சைக்கிளில் போனது நீதானே, நான் மேலிருந்து பார்த்தேன். தாய் கீழே போனால் பிள்ளையும் பின்னால் ஓடும், நான் எத்தனை பேரைப் பிடிப்பேன்? அவள் இங்கே வரவே இல்லை என்றாலும், நீ இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முடியும் என்றால் சொல், இல்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.

உள்ளேயிருந்து என் மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஹான்" என்றேன், முடியும் என்று.

என் கணவருக்கு இந்தி தெரியாது. கேட்டில் நின்றபடியே, "என்ன சொல்றாங்க?" என்றார்.

"நல்லாப் பாத்துக்கறேங்கறாங்க" என்றேன்.

அவர் வெகுநேரம் அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கேட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். சனிக்கிழமை ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கப்பலேறினார்.